சட்டி பானையும் சரித்திரமும்

அண்மையில் கொழும்பில் நடைபெற்ற சிறியதோர் ஓவியக் கண்காட்சிக்கு, நண்பர் ஒருவரின் வற்புறுத்தலின் பேரில் சென்றிருந்தேன். ஐந்து இளம் ஓவியர்களின் படைப்புகள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. நால்வரின் ஓவியங்களில் முட்கம்பியும், தலையிழந்த பனைகளும், கூப்பிய கரங்களும் நிறைந்திருந்தன. ஐந்தாமவர் ஓர் இளம்பெண். அவர் தமது தாயாரின் குசினியை மட்டுமே வரைந்திருந்தார். கரிபிடித்த அலுமினியச் சட்டி, விளிம்பு நசுங்கிய மூக்குப்பேணி, சுளகிற் பரப்பிய வெங்காயம், சுவரிற் சாய்த்துவைத்த துருவலை, கவிழ்த்துவைத்த நீற்றுப்பெட்டி. மனிதர் எவரும் அந்த ஓவியங்களில் இல்லை. ஆயினும், யாரோ ஒருவர் இப்போதுதான் எழுந்து கிணற்றடிக்குப் போயிருக்கிறார் என்ற உணர்வு அவற்றைப் பார்த்த எனக்கு ஏற்பட்டது.

அங்கே வந்திருந்த மூத்த இலக்கியவாதி ஒருவர் அந்தப் பெண்ணை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படியாக அறிவுரை கூறினார். "பிள்ளை, உங்களுக்குக் கை நல்லா ஓடுது. ஆனால் எங்கடை சனம் பட்ட பாட்டைக் கீறாமல் ஏன் சட்டி பானையைக் கீறிக்கொண்டு இருக்கிறியள்? பிக்காசோவின்ரை குவெர்னிக்காவைப் பாருங்கோ. அதுதான் கலை." சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவருக்கு முன்னால் வாய் திறக்கக் கூடாது என்ற பழைய பழக்கம் தடுத்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன். அந்தப் பெரியவர்மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. அவர் வாயிலாக வெளிவந்த கருத்தோடுதான் எனக்குச் சண்டை. அது அவருடைய சொந்தக் கருத்துமன்று. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் பிரான்ஸ் நாட்டு அரசவையின் நிழலில் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு தரவரிசையைத்தான் அவர் யாழ்ப்பாணத் தமிழில் எடுத்துரைத்தார்.

பாரிஸில் 1648 இல் அரச ஓவிய, சிற்பக் கழகம் நிறுவப்பட்டது. அங்கே 1667 இல் நடைபெற்ற விரிவுரைகளைத் தொகுத்த அந்த்ரே பெலிபியன் என்பவர், அத்தொகுப்பின் முன்னுரையில் ஓவியர்களை ஏணிப்படிகளில் ஏற்றி நிறுத்தினார். பழங்களையும் மலர்களையும் போன்ற அசையாப் பொருள்களை வரைபவர் கீழே நின்றார். உயிருள்ள விலங்குகளை வரைபவர் அவருக்கு மேலே. மனித உருவை வரைபவர் அதற்கும் மேலே. வரலாற்று நிகழ்வுகளையும் புராணங்களையும் வீரர்களின் பெருஞ்செயல்களையும் உருவகக் கதைகளையும் வரைபவர் உச்சியில். இந்த ஏணி வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடவில்லை. கழகத்திற் பேராசிரியர் பதவி வரலாற்று ஓவியர்களுக்கே உரியதாக இருந்தது. எதை வரைகிறாய் என்பதே நீ யார் என்பதைத் தீர்மானித்தது.

இந்த இளக்காரம் அதற்கும் மிகப் பழையது. உரோமானிய அறிஞர் பிளினி, பைரேயிக்கஸ் என்ற கிரேக்க ஓவியரைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். நாவிதர் கடைகளையும் செருப்புத் தைப்போரின் கடைகளையும் கழுதைகளையும் உணவுப் பண்டங்களையும் வரைந்தவர் அவர். அதற்காக அவருக்குக் கிடைத்த பட்டம், இழிந்தவற்றை வரைபவர் என்பது. ஏனையோர் வரைந்த பேரோவியங்களை விட அவருடைய சிறிய ஓவியங்களே கூடிய விலைக்குப் போயின என்பதையும் பிளினி மறைக்கவில்லை. மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அறிஞர்கள் முகம் சுளித்தார்கள்.

பெயரிலேயே இந்தச் சுளிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒல்லாந்தர் இவ்வகை ஓவியத்துக்கு இட்ட பெயரின் பொருள் அசையாத வாழ்வு என்பதாகும். வாழ்வு என்ற சொல் அதில் இருக்கின்றது. பிரெஞ்சுக்காரர் பின்னர் இட்ட பெயரின் பொருளோ இறந்த இயற்கை. நாம் பாடசாலையிற் சித்திரப் பாடத்தில் 'சடப்பொருள் வரைதல்' என்று படித்தோம். ஒரு மேசையில் போத்தலையும் கத்தரிக்காயையும் வைத்து வரையச் சொல்வார் ஆசிரியர். சடம் என்றால் அறிவற்றது, உணர்வற்றது என்று சைவ சமய பாடத்திலும் படித்திருந்தோம். இவ்வாறு பெயரிட்ட பின்னர், அதில் உயிர் இருக்கக்கூடும் என்று எந்தப் பிள்ளைதான் நினைக்கும்?

பெலிபியனின் ஏணியை அதன் அடிப்படியில் நின்றுகொண்டே அசைத்தவர் ழான் பத்தீஸ்த் சிமேயோன் ஷார்தன். 1699 இல் பாரிஸில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். தந்தையார் பில்லியார்ட் மேசைகள் செய்துகொடுத்துப் பிழைத்தவர். 1728 இல் கழகம் ஷார்தனை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. எவ்வாறு ஏற்றுக்கொண்டது? விலங்குகளையும் பழங்களையும் வரைவதில் திறமையுள்ளவர் என்ற வகுப்பில்! அன்று அவர் சமர்ப்பித்த ஓவியங்களுள் ஒன்று இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'திருக்கை'. கற்சுவரில் கொக்கியில் மாட்டப்பட்ட, வயிறு கிழிக்கப்பட்ட ஒரு திருக்கை மீன். அதன் முகம் மனித முகம் போல எம்மைப் பார்க்கிறது. கீழே சிப்பிகளின் மீது முதுகை வளைத்து நிற்கும் ஒரு பூனை. மறுபுறம் ஒரு சாடி, சட்டி, கத்தி. சந்தையில் மீன் வெட்டும் இடத்தில் நின்றிருக்கும் எம்மவர் எவருக்கும் அந்தச் செந்நிறக் குடலும் ஈரமும் புதிதல்ல. ஆனால் அதை நின்று பார்த்தவர் எம்மில் எத்தனை பேர்?

1763 இல் டிடரோ என்ற பேரறிஞர், அக்காலத்தின் புகழ்பெற்ற வரலாற்று ஓவியர்களுள் ஒருவரான பியரை விளித்து, கழகத்துக்குப் போகும்போது இந்தத் திருக்கையை நன்றாகப் பார்த்து, அருவருப்பான பொருளைத் திறமையால் மீட்டெடுக்கும் இரகசியத்தை முடிந்தாற் கற்றுக்கொள்ளும்படி எழுதினார். அந்தப் பியர் 1770 இல் மன்னரின் முதல் ஓவியர் என்ற பதவியைப் பெற்றார். இன்று அவருடைய பெயரை அறிந்திருப்பவர்கள் ஆய்வாளர்கள் மட்டுமே. அடிப்படியில் நின்ற ஷார்தனையோ உலகம் அறியும்.

ஷார்தனின் இன்னோர் ஓவியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அது ஒரு செப்பு நீர்த்தாங்கி. ஓர் அடியைக்கூட எட்டாத உயரமுடைய சிறிய ஓவியம். முக்காலி போன்ற மரச்சட்டகத்தின் மீது ஒரு செப்புப் பாத்திரம், அடியில் குழாய், பக்கத்தில் வாளி, சாடி, அகப்பை. வேறு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நீர்த்தாங்கி ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டுப்பாருங்கள். அன்றைய பாரிஸில் வீடுகளுக்குள் குழாய்நீர் கிடையாது. நீரை யாரோ ஒருவர் சுமந்து வரவேண்டும், மாடிப்படி ஏறவேண்டும், ஊற்றவேண்டும். அந்தச் செம்பை யாரோ ஒருத்தி தேய்த்துப் பளபளக்க வைக்கவேண்டும். பிரான்ஸின் மன்னர்கள் நடத்திய போர்களைப் பேரோவியங்களிற் பார்க்கலாம். அந்த நாட்டு மக்கள் ஒவ்வொரு நாளும் எவ்வாறு தண்ணீர் குடித்தார்கள் என்பதை அறிய விரும்பினால், இந்தச் சிறிய ஓவியத்தின் முன்னால்தான் வந்து நிற்கவேண்டும். இரண்டில் எது சரித்திரம்?

ஷார்தன் பாத்திரங்களோடு நின்றுவிடவில்லை. அந்தப் பாத்திரங்களைப் புழங்கும் மனிதரையும் வரைந்தார். 1739 ஆம் ஆண்டின் ஓர் ஓவியத்தில், சந்தையிலிருந்து திரும்பிய பணிப்பெண் ஒருத்தி பாண்களை வைத்துவிட்டு அலமாரியில் சாய்ந்து நிற்கிறாள். அந்தச் சாய்வில் தெரியும் களைப்பை எந்த வீரகாவியமும் பாடியதில்லை. 1740 இல் பதினைந்தாம் லூயி மன்னருக்கு அவர் வழங்கிய ஓவியத்தில், உணவு பரிமாறும் தாய், சாப்பாட்டுக்கு முன்னர் செபம் சொல்லும்படி சிறு பிள்ளையைப் பார்த்திருக்கிறாள். ஒரு நிமிடம் கழிந்தால் ஆறிப்போகும் உணவு. அதற்குள் முடியவேண்டிய செபம். அவ்வளவுதான் கதை. மன்னரின் மாளிகைக்கு அந்தச் சிறிய வீடு இவ்வாறு போய்ச் சேர்ந்தது.

முதுமையில் அவர் வரைந்த காட்டு ஸ்ட்ரோபெரிக் கூடை ஒன்று, 1761 ஆம் ஆண்டுக்குரியது. கூம்பாகக் குவித்த பழங்கள், ஒரு குவளை தண்ணீர், இரண்டு வெள்ளைப் பூக்கள். 2022 மார்ச்சில் பாரிஸில் நடந்த ஏலத்தில் அது 24 மில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட விலைக்குப் போயிற்று. அது நாட்டை விட்டு வெளியேறாதபடி பிரெஞ்சு அரசு தடுத்தது. பொதுமக்களும் நன்கொடை வழங்க, 2024 இல் லூவ்ர் அதனைத் தனதாக்கிக்கொண்டது. விலையை வைத்துக் கலையை மதிப்பிடுவது வியாபாரிகளின் வேலை. அதை நான் வாதமாக முன்வைக்கவில்லை. என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஒரு கூடை பழத்தைத் தமது நாட்டின் சொத்து என்று சொல்லிச் சாதாரண மனிதர்கள் தமது பணப்பையைத் திறந்தார்கள். பெலிபியன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு விளங்கியிருக்குமோ தெரியாது.

இந்த ஏணியால் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். வரலாற்று ஓவியம் வரைவதற்கு நிர்வாண மனித உடலைப் பார்த்து வரையும் பயிற்சி இன்றியமையாதது எனக் கருதப்பட்டது. அந்தப் பயிற்சிக்கூடங்களின் கதவுகள் பெண்களுக்குத் திறக்கப்படவில்லை. ஆகவே பெண்களுக்கு எஞ்சியது மேசையும் பூச்சாடியும். முதலில் மேற்படியின் கதவைப் பூட்டுவது. பின்னர் கீழ்ப்படியில் நிற்கிறாயே என்று இகழ்வது. இந்தத் தந்திரம் எமது சமூகத்துக்கும் புதிதன்று! அன் வலயே கொஸ்தேர் என்ற பெண் ஓவியர் 1770 இல் தமது சடப்பொருள் ஓவியங்களின் வலிமையாலேயே அந்தக் கழகத்தில் நுழைந்தார். அதே ஆண்டில், ஒரே காலத்தில் நான்கு பெண்களுக்கு மேல் உறுப்பினராக இருக்க முடியாது என்று கழகம் வரம்பு விதித்தது. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய கிளாரா பீட்டர்ஸ், தாம் வரைந்த உலோகக் கிண்ணங்களின் பளபளப்பான புடைப்புகளில் தமது முகத்தை மிகச் சிறிதாக, மீண்டும் மீண்டும் வரைந்து வைத்தார். மட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகம் ஒரு பெண் ஓவியருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது 2016 இல்தான். அது அவருக்காக நடத்தியதே. குசினிப் பாத்திரத்துக்குள் ஒரு பெண்ணின் முகம் நானூறு ஆண்டுகள் காத்திருந்தது.

இனி, சடப்பொருள் ஓவியத்துக்குச் சாதகமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அதற்குக் கேடு செய்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவர்களுக்கு எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாக இருக்கக்கூடாது. வெளியே அழகு, உள்ளே புளிப்பு என்ற நீதியை அது போதிக்க வேண்டும். அணைந்த மெழுகுதிரி நிலையாமையையும், கவிழ்ந்த கிண்ணம் செல்வத்தின் வீழ்ச்சியையும் உணர்த்த வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தில் மண்டையோட்டையும் மணற்கடிகாரத்தையும் வைத்து நிலையாமையைப் போதித்த ஓவியங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் எல்லாக் காலையுணவு மேசைகளையும் பிரசங்க மேடைகளாக்குவது என்ன நியாயம்? ஒரு பானைக்குத் தத்துவச் சான்றிதழ் பெற்றுக்கொடுத்தால்தான் அதைச் சபைக்கு அழைத்துவரலாம் என்று எண்ணுவதும் பெலிபியனின் ஏணியில் ஏறுவதேயாகும். பானை பானையாக இருந்தே மதிப்புடையது. அதில் நாள்தோறும் சோறு வேகிறது.

எதிர்த்தரப்பின் வாதங்களுள் வலுவான ஒன்றை நான் மறைக்க விரும்பவில்லை. ஒல்லாந்தரின் மேசைகள் அவ்வளவு தூய்மையானவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பீட்டர் கிளாஸ் 1627 இல் வரைந்த ஒரு விருந்து மேசை இருக்கின்றது. வான்கோழி அலங்கரிக்கும் ஒரு பெரிய பணியாரம், வெள்ளியிற் பதித்த சங்குக் கிண்ணம், சீனத்துப் பீங்கான், பாதி தோலுரித்த எலுமிச்சை. அவற்றின் நடுவே, அச்சிட்ட பஞ்சாங்கத் தாள் ஒன்றைச் சுருட்டி அதற்குள் மிளகு! எமது ஊரில் பழைய பத்திரிகைத் தாளில் கச்சான் சுருட்டிக் கொடுப்பார்களே, அதே மாதிரி. அச்சிட்ட எழுத்தின் கடைசி விதி எல்லா நாடுகளிலும் ஒன்றுதான் என்று பத்திரிகைக்காரனான நான் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் சிரிப்பு நீடிக்காது. அந்த மிளகு கீழைத்தேயங்களிலிருந்து கப்பலேறி வந்தது. சீனப் பீங்கான் ஒல்லாந்தின் மேசைகளிற் பெருவாரியாகப் புகுந்த கதையோ, 1602 இலும் 1603 இலும் போர்த்துக்கேயரின் சரக்குக் கப்பல்களைப் பறித்து, அவற்றிலிருந்த பீங்கான்களை ஏலம் விட்டதோடு தொடங்குகின்றது. 1602 இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியதை நாம் அறிவோம். அதன் பின்னர் எமது தீவின் கறுவாவும் அதே கம்பனியின் கப்பல்களில் ஏறியது. கறுவாப்பட்டை உரிக்கும் ஊழியம் சலாகம சமூகத்தவர்மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்டிருந்தது. அனுமதியின்றிக் கறுவாவில் கைவைப்போருக்கு மரண தண்டனை வரையான தண்டனைகளைக் கம்பனி விதித்தது. அந்த மனிதர்கள் எவரும் ஒல்லாந்தின் விருந்து மேசைகளில் இல்லை.

உண்மைதான். ஆனால் இதனால் குற்றஞ்சாட்டப்பட வேண்டியது சடப்பொருள் ஓவியமா? கம்பனியின் ஆளுநர்களும் தளபதிகளும் தமது உருவங்களை வரைவித்துக்கொண்டார்களே, அவற்றில் என்ன இருக்கிறது? மார்பு நிமிர்த்திய மனிதரும் உடைவாளும் கர்வமும். கொள்ளையின் தடயத்தைத் தன்னை அறியாமலே பாதுகாத்து வைத்திருப்பது அந்த விருந்து மேசைதான். மிளகு இருக்கிறது, பீங்கான் இருக்கிறது. இவை எங்கிருந்து வந்தன, யார் பறித்தார்கள், யார் சுமந்தார்கள் என்று நாம் கேட்டால் மேசை பதில் சொல்லும். நாற்பது ஆண்டுகள் செய்தி சேகரித்த அனுபவத்திற் சொல்கிறேன்: அதிகாரியின் வாய் பொய் சொல்லும், அவருடைய வீட்டு மேசையில் இருக்கும் பொருள்கள் பொய் சொல்வதில்லை. கேட்கத் தெரியாதவன் மேசையைக் குறைகூறுகிறான்.

எமது மூத்தோர் இந்த விடயத்தில் பெலிபியனை விட எவ்வளவோ தெளிவாக இருந்தார்கள். வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் வகுத்தார்கள். அகத்தைப் புறத்துக்குக் கீழே வைக்கவில்லை. குறுந்தொகையின் 167 ஆம் பாட்டில் என்ன நடக்கிறது? புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் ஒருத்தி, தயிர் பிசைந்த விரல்களை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணிற் பட நின்று புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் உண்டு இனிது என்கிறான். அவளுடைய முகம் மிக நுண்ணியதாக மலர்கிறது. அவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தக் குழம்பு ஆறவில்லை. புறத்திலும் பாருங்கள். வறுமையின் கொடுமையைக் குமண வள்ளலுக்கு எடுத்துச் சொல்ல வந்த பெருந்தலைச் சாத்தனார், புறநானூற்றின் 164 ஆம் பாட்டில் முதலிற் காட்டுவது சமைப்பதை மறந்து காளான் பூத்த அடுப்பை. பசி என்ற சொல்லைவிட அந்த அடுப்பு உரத்துப் பேசுகிறது. இந்த மரபில் வந்தவர்களா சட்டி பானையைக் கண்டு முகம் சுளிப்பது?

பெரியவர் சாட்சிக்கு அழைத்த பிக்காசோவிடம் இனி வருவோம். குவெர்னிக்கா 1937 இல் வரையப்பட்டது. குண்டுவீச்சுக்கு இலக்கான ஓர் ஊரைப் பற்றிய ஓவியம். அதில் விமானம் உண்டா? இல்லை. குண்டு உண்டா? அதுவும் இல்லை. இறந்த பிள்ளையை ஏந்திய தாய், அலறும் குதிரை, வீட்டுக்குள்ளிருந்து நீளும் கையில் ஒரு விளக்கு, மேலே ஒரு மின்குமிழ், இருளில் ஒரு மேசை, மேசைமீது ஒரு பறவை. வீடு உடைந்தது என்பதைச் சொல்ல வீட்டுப் பொருள்கள்தான் அவருக்குத் தேவைப்பட்டன. எட்டு ஆண்டுகள் கழித்து, 1945 பெப்ரவரியில், போர் இன்னும் முடியாத நிலையில், பாரிஸில் இருந்த அதே பிக்காசோ வரைந்தது என்ன தெரியுமா? ஒரு சாடி, எரியும் ஒரு மெழுகுதிரி, ஓர் எனாமல் சட்டி. ஆம், சட்டி! அந்தப் பெரியவர் அன்று அங்கே இருந்திருந்தால், "தம்பி பிக்காசோ, கை நல்லா ஓடுது, ஆனால்..." என்று தொடங்கியிருப்பாரோ?

போரை வரையக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முட்கம்பி வரைந்த நான்கு பிள்ளைகளும் நன்றாகவே வரைந்திருந்தார்கள். எதை வரைந்தாற் கலை, எதை வரைந்தால் அற்பம் என்று மேடையிலிருந்து தீர்ப்பு வழங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். துன்பம் என்றால் என்ன? மனிதர் எதை இழந்தார் என்பதை அறியாமல் அவருடைய துன்பத்தை எவ்வாறு அறிவது? அவர் இழந்தது பெரும்பாலும் கோட்டையையோ கொடியையோ அல்ல. ஒரு கிணற்றடி, ஓர் அடுப்பு, கைப்பிடி தேய்ந்த ஓர் அகப்பை.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. குற்றவாளியாகச் சொல்கிறேன். பெலிபியனின் ஏணி எனது பத்திரிகை மேசையிலும் இருந்தது. முற்பக்கத்துக்கு அமைச்சர்களும் தளபதிகளும் எண்ணிக்கைகளும். மனிதரின் வீட்டுச் செய்திகளுக்கு இடம் மிஞ்சினால் ஏழாம் பக்கத்தின் அடிமூலை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு தொடங்கி, கொட்டும் மழையில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறிய வேளையில் நான் கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். தணிக்கை நடைமுறையில் இருந்த காலம். சில வாரங்கள் கழித்து நிருபர் ஒருவரின் கைப்பிரதி எப்படியோ வந்து சேர்ந்தது. நான்கு தாள்கள். எண்ணிக்கை, பாதை, முகாம் விபரங்கள் என அனைத்தும் ஒழுங்காக இருந்தன. மூன்றாம் தாளின் நடுவே ஒரு மூதாட்டியைப் பற்றி ஒரு பந்தி. தணிக்கை அதிகாரிக்கு அதனால் எந்த ஆட்சேபமும் இருந்திராது. அதை வெட்டியவன் நான். இடம் போதாது, செய்திக்குத் தேவையற்றது என்று சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடிட்டேன். எண்ணிக்கைகள் அச்சேறின.

அந்த எண்ணிக்கைகள் இன்று எனக்கு நினைவில்லை. வேண்டுமானால் ஆவணங்களைப் புரட்டித்தான் சொல்லவேண்டும். ஆனால் வெட்டிய பந்தி மறக்கவில்லை. அந்தப் பிள்ளையின் ஓவியத்தில் கவிழ்த்துவைத்த நீற்றுப்பெட்டியைக் கண்டபோது அது முழுவதுமாக மீண்டும் வந்து நின்றது. காலம் கடந்த திருத்தமாக அதனை இங்கே பதிகிறேன். வசனங்கள் நிருபருடையவை அல்ல. என் நினைவில் எஞ்சியவை.

நாவற்குழிப் பாலத்தில் சனம் நகர முடியாமல் நெருக்குண்டு நின்றது. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, நனைந்த உரப்பை ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றார். பைக்குள் என்ன என்று கேட்டபோது திறந்து காட்டினார். மரத்தாலான இடியப்ப உரல். வேறு ஒன்றும் இல்லை. உடுபுடைவைகூட எடுக்காமல் இதை ஏன் அம்மா தூக்கி வந்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "போற இடத்திலை மா ஆரும் தருவினம் தம்பி. உரலுக்கு எங்கை போறது?"